பேட்டரி இல்லாத ரேடியோவும் ஆவடி டிரான்ஸ்மிட்டரும்

கிரிஸ்டல் ரேடியோவுக்குப் பேட்டரி கிடையாது, பிளக் பாயிண்ட்டும் வேண்டாம். ஆனாலும் ஹெட்போனில் பாட்டு கேட்கும். அந்த ஒலிக்கான சக்தி முழுவதும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து காற்றில் வந்து சேர்ந்ததுதான். 'வயர்லெஸ் பவர்' என்று இன்று புதுசாகப் பேசுகிறோமே, அதை நூறு வருஷம் முன்பே காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

சென்னையில் இந்தக் கதை 1924-இல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அந்த வருஷம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. முதலில் இருந்தது வெறும் 40 வாட் டிரான்ஸ்மிட்டர், ஒரு குண்டு பல்பு அளவு. பணமில்லாமல் 1927-இல் கிளப் நின்றுபோனது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பிற்காலத்தில் ஆவடியில் அமைந்த அதன் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர், 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட். கிளப்பின் முதல் கருவியைப் போல 5,000 மடங்கு!

சரி, வாங்கும் பக்கம் என்ன நடக்கிறது? அதைச் சிமுலேஷனில் போட்டுப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டரிலிருந்து 5 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட அம்பத்தூர் பக்கம். தரையில் இழப்பே இல்லை என்று வைத்தால் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 0.85 வோல்ட். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தில் பத்துச் சுற்று கம்பி சுற்றினால் அதில் தூண்டப்படுவது 0.13 வோல்ட். கம்பியின் இழப்பு 6 ஓம் என்று எடுத்துக்கொண்டேன். கெப்பாசிட்டரை இணையாக வைத்து 720-க்கு டியூன் செய்தாயிற்று. டையோடின் இழப்பை ஒதுக்கிவிட்டேன்.

இப்போது 2,000 ஓம் லோடைச் சுருளின் இரு முனைகளிலும் நேரே இணைத்தால் கிடைப்பது சுமார் 26 மைக்ரோவாட். டியூன் ஆன சுருளின் இம்பீடன்ஸ் இரண்டு லட்சம் ஓமுக்கு மேல். 2,000 ஓம் அதை அமுக்கிவிடுகிறது. அதே லோடைப் பத்துச் சுற்றில் ஒரே ஒரு சுற்றுக்குக் குறுக்கே இணைத்தால் கிட்டத்தட்ட 0.7 மில்லிவாட். கோபுரமும் அதேதான், கம்பியும் அதேதான். இணைக்கும் இடம் மட்டும் மாறியது. 27 மடங்கு. இதற்குத்தான் இம்பீடன்ஸ் மேட்சிங் என்று பெயர். மேட்ச் ஆன நிலையிலும் பாதி சக்தி சுருளிலேயே சூடாகிப் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிரிஸ்டல் செட் வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. சுருளில் பல இடங்களில் இணைப்பு எடுத்து, எதில் சத்தமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டார்கள். 'லூஸ் கப்ளர்' செட்டில் ஒரு சுருளை இன்னொன்றுக்குள் நகர்த்துவார்கள். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சோல்யாசிச் குழு 2 மீட்டர் தூரத்தில் 60 வாட் பல்பை எரியவைத்தபோதும், பல்பைப் பெரிய சுருளோடு நேரே இணைக்கவில்லை. பக்கத்தில் ஒற்றை வளையம் வைத்து அதில்தான் இணைத்தார்கள். இரண்டு சுருள்களுக்கிடையே சக்தி போய்ச்சேர்ந்த திறன் சுமார் 40 சதவீதம். லூஸ் கப்ளரின் அதே யோசனைதான்.

அனுப்பும் சக்தி 5,000 மடங்கு பெருகப் பல பத்தாண்டுகளும் அரசாங்கப் பணமும் தேவைப்பட்டன. வாங்குகிறவருக்குக் கிடைத்த 27 மடங்குக்கு ஒரு கம்பியை வேறு இடத்தில் இணைத்தால் போதும். சிமுலேஷன் அந்த இடத்தை முன்கூட்டியே சொல்கிறது. அன்று அதைக் காது சொன்னது.