ஓரிடத்து இரு பெயர்
(மெட்டுப்பலகையின் வரலாறு பற்றிய சிறு ஆராய்ச்சி)

மேனாட்டு நரம்புக் கருவிகளுள் பேஸ் கிற்றார் வயதில் இளையது. எனினும், அதன் மெட்டுப்பலகையில் நிலவும் ஒரு வழக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை உடையது. அக்கருவியின் தடித்த தந்தியை மெட்டெதிலும் அழுத்தாது மீட்டினால் 'ஈ' என்னும் சுரம் ஒலிக்கும். முதல் மெட்டில் 'எஃப்', மூன்றாவதில் 'ஜீ', ஐந்தாவதில் 'ஏ' பிறக்கும். இடையிலுள்ள இரண்டாம் மெட்டோ 'எஃப் ஷார்ப்' எனவும் 'ஜீ பிளாற்' எனவும் இரு பெயர் பெறும். ஒரு சுரத்தினின்று கருவியின் உடலை நோக்கி ஒரு மெட்டு நகர்ந்தால் அதன் ஷார்ப். தலையை நோக்கி நகர்ந்தால் அதன் பிளாற். ஓரிடத்துக்கு இரு பெயர் வந்தது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்விரண்டும் வெவ்வேறு ஒலிகளாகவே வழங்கின. அக்காலத்து விசைப்பலகைக் கருவிகளில், 'ஈ'யுடன் இனிது இயையுமாறு அமைத்த 'ஜீ ஷார்ப்' சற்றுத் தாழ்ந்தும், 'சீ'யுடன் இயையுமாறு அமைத்த 'ஏ பிளாற்' சற்று உயர்ந்தும் நின்றன. ஆதலின், சில கருவிகளில் கருங்கட்டை இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் தனியிடம் அளிக்கப்பட்டது.

லூற் என்னும் நரம்புக் கருவிக்கு இவ்வழி எளிதன்று. அதன் மெட்டு எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே ஒரே கோடாகச் செல்வது. ஒரு தந்திக்கு ஏற்ப அதனை நகர்த்தினால் மற்றொரு தந்தி பிழைபடும். எனவே மெட்டுக்களைச் சமமான சுர இடைவெளிகளில் அமைக்கும் முறை வேண்டப்பட்டது. வானியலறிஞர் கலிலியோவின் தந்தையாராகிய வின்சென்சோ கலிலி, 1581இல் வெளியிட்ட நூலில் அதற்கு எளிய கணக்கொன்று கூறினார். எஞ்சியுள்ள தந்தி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி ஒவ்வொரு மெட்டையும் அமைக்க வேண்டும் என்பதே அது. பன்னிரண்டு முறை இவ்வாறு செய்தால் தந்தி ஏறத்தாழப் பாதியாகும். இம்முறையில் ஷார்ப்பும் பிளாற்றும் ஒரே மெட்டில் ஒன்றுபட்டன. அவற்றிடையே இருந்த நுண்ணிய வேற்றுமை கைவிடப்பட்டது.

நிற்க. மெட்டில்லாத டபிள் பேஸ் என்னும் பெருங்கருவி சுமத்தற்கு அரியது. அதில் சுரத்தானத்தைச் செவியாலும் பயிற்சியாலுமே காணவேண்டும். கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் 1951இல் 34 அங்குலத் தந்தி நீளமும் 20 மெட்டுக்களும் கொண்ட மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்கு விடுத்து, துல்லியம் எனப் பொருள்படும் 'பிரசிஷன்' என்னும் பெயரை அதற்கு இட்டார். அத்துல்லியம் மெட்டுக்கள் அளித்ததே. கிற்றார் பயின்றோர் எவரும் அதனை எளிதிற் கையாள முடிந்தது.

ஆயினும், இழந்ததை மீட்க விழைந்தாரும் உளர். அம்பெக் நிறுவனம் 1966இல் மெட்டில்லாத பேஸ் கிற்றாரை வெளியிட்டது. 1976இல் ஜாக்கோ பஸ்ரோறியஸ் தம் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு, அத்தகைய கருவியின் ஆற்றலை உலகறியச் செய்தது.

மெட்டிலே வேற்றுமை மறைந்த பின்னும் பெயரிலே அது மறைந்திலது. 'டீ' மேஜர் வரிசையில் அச்சுரம் 'எஃப் ஷார்ப்'. 'டீ பிளாற்' மேஜர் வரிசையில் அதுவே 'ஜீ பிளாற்'. இசை எவ்வரிசையில் நடக்கின்றது என்பதைப் பெயரே உணர்த்தும். ஆகவே, மெட்டுக்களை எண்ணிச் சுரத்தானம் காணும் மாணவர் இரு பெயர்களையும் கற்றல் வேண்டும். விரல் ஓரிடத்தையே அறியும். அவ்விடத்தில் ஒருகாலத்து இரு சுரங்கள் இருந்தமையைப் பெயர்களே அறிவிக்கின்றன.