வால்வுக்கு வயசு போகேல்ல

1942 ஏப்ரல் 9 காலை, யப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வருவதை முன்கூட்டியே காட்டியது ராடார். அன்றைய ராடார் வால்வில்தான் ஓடியது. ட்ரான்சிஸ்டர் பிறந்ததே 1947இல். சண்டை முடிஞ்ச பிறகும் வீட்டு றேடியோவிலும் ஒலிபெருக்கியிலும் கனகாலம் வால்வுதான் பாடினது.

அந்தக் காலத்து அம்பிளிபயர் இண்டைக்கு "ம்ம்ம்" எண்டு இரைஞ்சால், பழசு எண்டு இரும்புக்காரரிட்டக் குடுக்கிறம். பெரும்பாலும் களைத்தது வால்வு அல்ல, மின்வழங்கலில் உள்ள கொள்ளளவி. 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும்போது மிஞ்சும் 100 ஹேர்ட்ஸ் அலையை அடக்குவது அதுதான். உள்ளே இருக்கும் ஈரம் எங்கட வெக்கையில் காய்ந்தால் இரைச்சல் மேலே வரும்.

மாத்தும்போது பெரிசாப் போட்டால் நல்லம் எண்டு நினைப்பம். ஆனால் பழைய ஆக்கள் சின்னதாப் போட்டதுக்குக் காரணம் இருக்கு. ஜிஇசட் 34 என்ற சீராக்கி வால்வுக்கு முதல் கொள்ளளவி 60 மைக்ரோபரட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், அதை நிரப்பப் பாயும் மின்னோட்டம் வால்வையே தின்னும். சோக்குக்குப் பிறகு வருவதைக் கொஞ்சம் கூட்டலாம். வோல்ற் அளவை மட்டும் குறைக்கவே கூடாது. நிறுத்தின பிறகும் உள்ளே 300, 400 வோல்ற் நிற்கும். அதை இறக்காமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இரையுற பெட்டியை எறிய முதல், சீராக்கி வால்வில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிப்பம்.