உயரம் என்னும் சொல்லும் தெல்தோட்டை மலைகளும்

உயரம் என்பது எளிய சொல்லாகத் தோன்றும். துறைக்குத் துறை அதன் பொருள் மாறுவதை நோக்குமிடத்து அவ்வெளிமை நிலைப்பதில்லை. கணித மாணவனுக்கு அது முக்கோணத்தின் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இறக்கப்படும் செங்குத்து; எந்தப் பக்கம் அடியாகக் கொள்ளப்படுகிறதோ அதற்கேற்ப ஒரே முக்கோணத்துக்கு மூன்று உயரங்கள் உண்டு. நில அளவையாளனுக்கு அது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படும் அளவு. வானியலாளனுக்கு உயரம் நீளமே அன்று. அடிவானத்திலிருந்து எழும் கோணம். சூரியன் மேடத்தில் உச்சம், துலாத்தில் நீசம் என்பர் சோதிடர். தமிழிலக்கணமோ மக்களை உயர்திணை என வகுத்தது. தொல்காப்பிய உரியியல் ‘புரை’ என்னும் சொல்லுக்கு உயர்வு என்று பொருள் கூறுகின்றது. ‘சேண்’ என்னும் பழஞ்சொல் தொலைவையும் உயரத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. இப்பொருள்கள் தம்முள் எத்துணை வேறுபடினும் ஒரு செய்தி எல்லாவற்றுக்கும் பொது. உயரம் எப்பொழுதும் ஓர் அடியை வேண்டி நிற்பது. அவ்வடி எது, அதனைக் குறித்தவர் யார் என்னும் வினாக்கள் எழுமிடத்துச் சொல்லாராய்ச்சி வரலாற்றாராய்ச்சியாகிவிடுகின்றது.

இதனைத் தெளிவாகக் காண்பதற்குக் கண்டிக்குத் தென்கிழக்கே, பேராதனையிலிருந்து கலகா வழியாக ஏறிச்செல்லும் வீதியில் அமைந்த தெல்தோட்டைப் பகுதி ஏற்ற இடமாகும். இலங்கையின் தேயிலை வரலாறு தொடங்கிய லூல்கந்துரத் தோட்டம் இதன் அயலிலேயே உள்ளது. கோப்பியும் தேயிலையும் நிலச்சட்டங்களும் இடம்பெயர்வும் இம்மலைச்சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

இம்மலைகள் உள்ளடங்கிய நாட்டின் பெயரே உயரத்தால் அமைந்தது. சிங்களத்தில் ‘உட’ என்றால் மேல். ‘கந்த உட ரட்ட’, மலைமேல் நாடு, என்ற தொடரின் முதற்பகுதி போர்த்துக்கேயர் வாயில் ‘கந்தே’ எனத் திரிந்து கண்டி ஆயிற்று என்பர். அவ்வரசுக்கு உயரம் என்பது முதலில் அரணே. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படை அழிந்தது. 1803இல் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றியும் அதனை வைத்திருக்க இயலவில்லை. செங்குத்தான பாதையும் அடர்ந்த காடும் மலேரியாவும் காத்த நாடு 1815இல் வீழ்ந்ததற்குப் பிரதானிகளின் பிளவும் உடன்படிக்கையும் காரணமாயினவேயன்றி மலை குனிந்துவிடவில்லை.

சமய மரபில் உயரம் வேறொரு வகையிற் பேசப்பட்டது. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா சிவனொளிபாத மலையைக் கடலில் ஒன்பது நாட் பயணத் தொலைவிலிருந்தே கண்டதாக எழுதினார். மிகையே எனினும் மாலுமிகளின் அனுபவம் அதில் உண்டு. தனித்து நிற்கும் அக்கூம்பு 2,243 மீற்றர். நாட்டின் அதியுயர் சிகரமான பீதுருதலாகல 2,524 மீற்றர். பின்னது பிற மலைகளின் நடுவே அடங்கி நிற்றலால் அதனை வணங்கப் போவார் எவருமிலர். அளவுகோலின் உயரமும் கண்ணின் உயரமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று இந்நாட்டில் இல்லை.

பிரித்தானியர் ஆட்சி நிலைபெற்ற பின்னரே உயரம் விலைபொருளாயிற்று. கண்டிக் கிராமம் பள்ளத்தாக்கை அடியாகக் கொண்டது. தாழ்நிலத்தில் வயல், அதற்குமேல் வீடும் தோட்டமும், அதற்கும் மேலே சேனைப்பயிர் நிலமும் காடும். மேலே செல்லச் செல்ல நிலத்தின் உரிமை ஏட்டில் அல்லாது வழக்கத்தில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என அனுமானித்தது. சேனை நிலத்துக்கு உரிமை கோரிய கண்டிக் குடியானவன் சன்னசு முதலிய சான்று காட்ட வேண்டியவனானான். விளைவு யாதெனில், கிராமத்தானுக்குப் பள்ளம் எஞ்சியது. உயரம் கோப்பித் துரைக்குப் போயிற்று. சட்டத்தின் வாசகத்தில் உயரம் என்ற சொல் முதன்மை பெறவில்லை. ஆயினும் நடைமுறையில் அது மலையின் இடுப்பில் இழுக்கப்பட்ட ஒரு கோடே.

கோப்பிக்கும் ஓர் உயர எல்லை இருந்தது. ஏறத்தாழ 1,500 அடிக்கும் 4,500 அடிக்கும் இடைப்பட்ட சரிவுகளே அதற்கு உகந்தவையாகக் கருதப்பட்டன. எனவேதான் தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பகுதிகள் முதலில் திறக்கப்பட்டன. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் இருபதாண்டுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1867இல், ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத்தின் 7ஆம் இலக்க நிலத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டிருந்தார். தேயிலை கோப்பியின் எல்லையை இரு பக்கமும் உடைத்தது. கடலோரத் தாழ்நிலத்திலிருந்து 6,000 அடிக்கு மேலும் அது வளர்ந்தது. மற்றொரு மாற்றம் இதனினும் பெரிது. கோப்பி பருவத்துக்குப் பழுப்பது. ஆள் வந்து போகலாம். தேயிலையோ ஆண்டு முழுதும் துளிர்ப்பது; குடும்பங்கள் மலையிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1892இல் டெயிலர் இறந்தபோது அவரது உடலைத் தோட்டத்திலிருந்து கண்டி மகியாவை மயானம் வரை ஆள்மாற்றிச் சுமந்து இறக்கியவர்களும் அத்தொழிலாளரே.

தேயிலை வணிகம் உயரத்தை மூன்றாக வகுத்தது. 2,000 அடிக்குக் கீழ் தாழ்நாட்டுத் தேயிலை. 4,000 அடி வரை நடுநாட்டுத் தேயிலை. அதற்குமேல் மேல்நாட்டுத் தேயிலை. குளிரில் மெல்ல வளரும் கொழுந்துக்கு மணமும் சுவையும் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இவ்வகுப்பில் எண்ணப்படுவது கொழுந்து பறிக்கப்பட்ட மலையின் உயரமன்று, தொழிற்சாலை நிற்கும் இடத்தின் உயரம். 4,200 அடியிற் பறித்த கொழுந்து 3,800 அடியிலுள்ள ஆலைக்கு இறங்கினால் அது நடுநாட்டுத் தேயிலையாகிவிடும். பறித்த பெண் ஏறிய 400 அடி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அப்பெண்ணின் மொழியில் உயரத்துக்குரிய சொற்கள் வேறு. தோட்டத்துத் தமிழில் தேயிலை நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ‘மலை’ என்றே பெயர். ‘இன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து’ என்றால் அது சிகரமன்று, வேலைத்தலம். தோட்டத்தின் பிரிவுகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என வழங்கும். தன்போக்கில் விட்டால் மரமாக ஓங்கும் தேயிலை கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தப்படுகின்றது. செடியின் மேல் மட்டம் பார்க்கும் கம்பை வைத்து அதற்குமேல் எழுந்த துளிரைக் கிள்ளுவர். அங்கே உயரம் என்பது மனித உடலின் அளவு. கை எட்டும் தூரமே செடிக்கு விதிக்கப்பட்ட உச்சம். நாட்கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. மக்களை உயர்திணையாக்கிய மொழியிலேயே ஒரு மனிதரின் பேர் பாதியாகக் குறிக்கப்பட்டதை இலக்கணகாரர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

வாழிடத்தின் அமைப்பும் இவ்வாறே. துரையின் பங்களா காட்சியும் காற்றும் உள்ள முகட்டில். லயங்கள் கீழே, பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத நிலத்தில். தமிழகத்திலிருந்து வந்தோர் தம்மோடு கொணர்ந்த மேல், கீழ் என்ற சாதி வழக்கையும் கங்காணி முறை பேணிக்கொண்டது. பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. துரைமார் இழைத்த இழிவை விரிவாகப் பேசும் கட்டுரைகள் இதனைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இச்சூழலிலும் கல்வி தனக்கென ஓர் உயர்வை ஆக்கிக்கொண்டது. தெல்தோட்டைக்கு அண்மையில் போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் கண்டியின் மீது கலம்பகம் பாடித் தமிழுலகில் பெயர் பெற்றார்.

நடுநாடு என்ற அளவுப்பெயர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு விதியாகவே மாறிற்று. மேல்நாட்டின் மணத்துக்குரிய விலை அதற்கில்லை. பின்னாளில் மத்திய கிழக்குச் சந்தையைப் பிடித்த தாழ்நாட்டின் விலையும் அதற்கில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது கண்டி மாவட்டத்தின் நடுநாட்டுத் தோட்டங்கள் பல ஜனவசம, உசவசம முதலிய அமைப்புகளிடம் சென்றன, சில துண்டாடப்பட்டன. வேலையும் உணவும் இழந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு இறங்கின. 1977ஆம் ஆண்டு வன்செயல் அவ்விறக்கத்தை விரைவுபடுத்திற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா சென்றோர் வேறு. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய வேளையில் நடுநாட்டுத் தோட்டங்கள் சில அரசின் கையிலேயே விடப்பட்டன. தேயிலை தொடங்கிய லூல்கந்துரமும் அவற்றுள் ஒன்று. கிராமத்தவன் 1840இல் மேலிருந்து கீழே தள்ளப்பட்டான் என்றால், தோட்டத்தவன் 1970களில் மலையிலிருந்தே தள்ளப்பட்டான். ஒரே சரிவில் நிகழ்ந்த இவ்விரு இழப்புகளையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திய அரசியல், முதல் இழப்புக்குக் காரணமானவரை எளிதில் மறந்துவிட்டது.

இத்தகைய வரலாற்றையுடைய மக்கள் தமக்கு உயரத்தையே பெயராகத் தேர்ந்துகொண்டமை வியப்புக்குரியது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவர்களை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே பிரித்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பிரிவினை மீதே பாய்ந்தது. ‘மலைநாட்டுத் தமிழர்’, பின்னர் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயர்கள் அவர்களுள் கற்றோராலும் எழுத்தாளராலும் வளர்க்கப்பட்டவை. வந்த நாட்டையன்று, வாழும் நிலத்தையே அடியாக வைத்து அளந்த பெயர் அது. தமிழில் ‘அடி’ என்பது உயரத்தை அளக்கும் அலகு, கீழ்ப்பகுதி, நடக்கும் கால் எடுத்துவைக்கும் ஒரு தப்படியும் அதுவே. மூன்று பொருளும் ஒருங்கு பொருந்திய நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. முன்னோர் வந்திறங்கிய 200 ஆண்டை நினைந்து 2023 யூலை மாத இறுதியில் தலைமன்னாரில், கடல் மட்டத்தில், தொடங்கிய நடைபயணம் அவர்கள் வந்த பழைய வழியைப் பின்பற்றி ஓகத்து 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்பதன் பக்கத்தில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் இடம்பெற்றது.