அமெரிக்க வருமானவரிச் சட்டமும் புராதனக் கட்டடங்களின் புனருத்தாரணமும்: செயின்ட் லூயிஸ் நகரை முன்னிட்டு ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய வீதிகள் வரிசை வரிசையாக மறைந்துபோன காரணத்தை ஆராயப் புகுபவர், காலத்தின் கோலத்தையோ மக்களின் ரசனைக் குறைவையோ நோவதற்கு முன்னால், அந்நாட்டு வருமானவரிச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது நலம். வர்த்தகக் கட்டடம் ஒன்றை இடித்துத் தள்ளும் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அக்காலத்து விதிகள் இடம் கொடுத்தன. இடித்த இடத்தில் எழும்பும் புதுக் கட்டடத்துக்கோ, பழையதற்குக் கிட்டாத வேகத்தில் தேய்மானக் கழிவும் கிடைத்தது. 1949ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் 'சேரி ஒழிப்பு' என்ற பெயரில் மத்திய சர்க்காரின் பணத்தை நகரங்களுக்கு வழங்கியதும், 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் அகன்ற சாலைகளை நகரங்களின் நடுவே கொண்டுவந்ததும் இந்தப் போக்குக்கு உரமிட்டன.

மிஸிஸிப்பி நதிக்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் இவை யாவற்றின் விளைவையும் ஒருங்கே அனுபவித்த நகரம். அங்கே கிடைக்கும் களிமண்ணால் சுட்ட செங்கல்லைக் கொண்டே வீடும் கிடங்கும் தொழிற்சாலையும் எழுப்பிய அந்நகரம், நதியோரத்துப் பழைய வர்த்தகப் பகுதியில் ஏறக்குறைய நாற்பது வீதிக்கட்டுகளை 1939 முதல் இடித்து வெளியாக்கிற்று. ஸாரினென் வடிவமைத்த பிரம்மாண்டமான எஃகு வளைவு 1965இல் அங்கே பூர்த்தியாயிற்று. 1959இல் மில் கிரீக் பள்ளத்தாக்கு என்ற குடியிருப்பு இடிக்கத் தொடங்கப்பட்டபோது, பெரும்பாலும் கறுப்பின மக்களாகிய சுமார் இருபதாயிரம் பேர் வீடிழந்தனர். 1950இல் எட்டரை லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை 1980இல் நாலரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963இல் இடிக்கப்படத் தொடங்கியபோது எழுந்த மனவேதனை, 1966ஆம் ஆண்டின் தேசியச் சரித்திரச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. அச்சட்டம் ஒரு தேசியப் பதிவேட்டை உண்டாக்கிற்று. ஆனால் அப்பதிவேட்டில் ஏறிய கட்டடத்தைத் தன் சொந்தப் பணத்தில் இடிக்க விரும்பும் சொந்தக்காரனை அது தடுக்கவில்லை. கட்டடத்துக்குக் கௌரவம் கிடைத்தது, கூரைக்கு ஓடு கிடைக்கவில்லை.

திருப்பம் 1976இன் வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்தது. சான்று பெற்ற சரித்திரக் கட்டடத்தை இடிப்பதற்கான கழிவை அது நீக்கிற்று. புதுப்பிக்கும் செலவை அறுபது மாதங்களில் எழுதித் தீர்த்துக்கொள்ள அனுமதித்தது. 1978இல் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு நூற்றுக்குப் பத்து விகிதம் வரித் தள்ளுபடி வந்தது. 1981இல் சரித்திரக் கட்டடங்களுக்கு அது இருபத்தைந்தாக உயர்ந்தது. கழிவு என்பது வரிக்கு உட்படும் வருமானத்தைக் குறைப்பது. தள்ளுபடியோ செலுத்த வேண்டிய வரியையே டாலருக்கு டாலர் குறைப்பது. பத்து லட்சம் டாலர் செலவிட்டவர் இரண்டரை லட்சம் டாலர் வரியைச் செலுத்தாமல் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்றவுடன், வைத்தியர்களும் வக்கீல்களும் கூட்டுச் சேர்ந்து பழைய கிடங்குகளைத் தேடத் தொடங்கினார்கள். செயின்ட் லூயிஸில் தியோடர் லிங்க் வடிவமைத்து 1894இல் திறந்த யூனியன் ரயில் நிலையம், 1978இல் கடைசி ரயிலை வழியனுப்பிவிட்டுப் பாழ்பட்டுக் கிடந்தது. ஏறக்குறைய பதினைந்து கோடி டாலர் செலவில் அது 1985இல் ஹோட்டலாகவும் கடைவீதியாகவும் மறுபிறவி எடுத்ததற்கு இத்தள்ளுபடியே பக்கபலமாயிற்று.

இதற்கு நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. கட்டடம் சரித்திர மதிப்புடையதா, உத்தேசித்த வேலை தகுமா, முடிந்த வேலை உத்தேசித்தபடி அமைந்ததா என்ற மூன்று கட்டங்களிலும் மாநில அதிகாரியின் பரிசீலனையையும் தேசியப் பூங்கா இலாகாவின் ஒப்புதலையும் பெற வேண்டும். பத்து விதிகள் கொண்ட தரநிர்ணயம் ஒன்று உண்டு. பழைய செங்கல்லை மணல்வீச்சால் சுரண்டிப் புதுமெருகு ஏற்றுவோர் அதில் தேற மாட்டார்கள். கட்டடத்தின் கணக்குப் பெறுமானத்துக்கு மேற்பட்ட தொகையைச் செலவிட்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் பெற்ற தள்ளுபடியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை, கட்டடம் வருமானம் ஈட்ட வேண்டும் என்பது. தான் குடியிருக்கும் பாட்டன் வீட்டைச் செப்பனிடுபவனுக்கு மத்தியச் சட்டம் ஒரு காசும் கொடுப்பதில்லை.

1986இன் சீர்திருத்தம் தள்ளுபடியை இருபதுக்குக் குறைத்தது. தாமே நடத்தாத தொழிலின் வரி அனுகூலத்தைச் சம்பாத்தியக்காரர்கள் தம் சம்பள வரியில் ஈடுசெய்துகொள்வதற்கும் கடுமையான வரம்பு விதித்தது. வைத்தியர்களும் வக்கீல்களும் விலக, அவ்விடத்துக்குப் பெரிய வங்கிகளும் கம்பெனிகளும் வந்தன. அட்லாண்டிக் சிட்டியின் பழைய மாநாட்டு மண்டப வழக்கில், நஷ்ட பயமோ லாப ஆசையோ இல்லாமல் தள்ளுபடிக்காக மட்டும் சேர்ந்த கம்பெனி மெய்யான பங்காளி ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. முதலீட்டாளர்கள் தயங்கி நின்றார்கள். 2014இல் வரி இலாகா ஒரு வழிமுறையை வகுத்த பிறகே அத்தயக்கம் தணிந்தது. செங்கல்லுக்குச் செல்ல வேண்டிய பணத்தில் ஒரு பங்கு பத்திரம் எழுதுபவர்களுக்குச் செல்வது இம்முறையோடு கூடப்பிறந்த குறை என்பது என் அபிப்பிராயம்.

செயின்ட் லூயிஸ் அடங்கிய மிஸௌரி மாநிலம் 1998 முதல் தன் பங்குக்கு இருபத்தைந்து விகிதத் தள்ளுபடி அளித்தது. சொந்த வீட்டில் குடியிருப்போரும் அதற்கு உரியவர். தள்ளுபடியைப் பிறருக்கு விற்கவும் செய்யலாம் ஆதலால், அதிக வரி செலுத்தாத சாமானியனுக்கும் அது கைக்கு எட்டும். மாநிலத் தள்ளுபடியும் மத்தியத் தள்ளுபடியும் ஒன்றுசேர்ந்தபோது, அந்நகரின் வாஷிங்டன் அவென்யூவில் துணியும் காலணியும் குவித்திருந்த கிடங்குகள் குடியிருப்புகளாக மாறின.

ஆனால் 2004இல் நடந்ததையும் சரித்திரகாரன் மறைக்கலாகாது. 1884ஆம் ஆண்டின் பழைய தபால் நிலையத்தைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு வண்டி நிறுத்தும் இடம் வேண்டுமென்று, எதிரே நின்ற சலவைக்கல் முகப்புடைய செஞ்சுரி கட்டடம், தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தும், இடிக்கப்பட்டது. புராதனக் கட்டடங்களைக் காக்கவென்றே ஏற்பட்ட தேசிய அறக்கட்டளை இத்திட்டத்தை ஆதரித்ததோடு, வேறொரு வகை வரித் தள்ளுபடியின் மூலம் நிதியும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கு எழுந்த ஆட்சேபங்கள் நியாயமானவையே என்று தோன்றுகிறது. எனினும் அறக்கட்டளை வேறு மனிதர்களின் கைக்குப் போய்விட்டதால் இது நேரவில்லை. எந்தக் கட்டடம் வருமானக் கணக்கில் தேறுமோ அதை நிறுத்துவதற்கு மற்றொன்றைக் கொடுக்கலாம் என்ற நியாயம், தள்ளுபடியின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

நகரின் வடபாகத்தில் அதே நியாயம் வேறு உருவம் எடுத்தது. புதுப்பித்தாலும் வாடகை தேறாத வீடுகளுக்கு முதலீடு வரவில்லை. செங்கல் திருடர்கள்தான் வந்தார்கள். வெறிச்சோடிய வீட்டுக்குத் தீ வைத்து, தீயணைப்போர் பீய்ச்சும் நீரில் காரை இளகியபின் கல்லைப் பெயர்த்துத் தென் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள் என்பது பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி.

2017இல் மத்தியத் தள்ளுபடியையே ஒழிக்கப் பிரதிநிதிகள் சபை முனைந்தது. செனட் சபை அதைக் காப்பாற்றிற்று, ஆனால் ஒரே ஆண்டில் கிடைத்த தொகை ஐந்தாண்டுகளில் பரவலாயிற்று. மறு ஆண்டு மிஸௌரி சட்டசபை தன் வருஷாந்தர உச்சவரம்பைப் பதினாலு கோடி டாலரிலிருந்து ஒன்பது கோடியாகக் குறைத்தது. அதே சட்டத்தில், வறுமை மிகுந்த வட்டாரங்களில் நடக்கும் வேலைக்கென்று மட்டும் மூன்று கோடியைத் தனியே ஒதுக்கியும் வைத்தது.