கப்பலில் முன்பக்க கேபின்: காட்சிக்காக எடுக்கலாமா, தூக்கத்துக்காக விட்டுவிடலாமா?

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடைக்குப் போகும் மலைப்பாதை சுமார் 45 கிலோமீட்டர். அந்த பஸ்ஸில் ஏறிப் பழகிய எல்லோருக்கும் ஒரு விதி தெரியும்: தலைசுற்றல், வாந்தி வரும் ஆளை முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும்.

இப்போது நீங்கள் கொச்சியிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறீர்கள். போனஸ் வந்திருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவை ஒரு தடவை கப்பலில் கூட்டிப் போகலாம் என்று ஆசை. முன்பதிவு செய்யப் பார்த்தால் 'முன்பக்கக் காட்சி கேபின்' என்று ஒன்று இருக்கிறது. 'அம்மாவுக்கு வண்டி ஒத்துக்காது, முன்னாடியே போட்டுடலாம்' என்று தோன்றும். பஸ்ஸில் சரியான அந்தக் கணக்கு, கப்பலில் அப்படியே தலைகீழாகிவிடும். ஏன் என்று பார்ப்போம்.

முன்பக்க கேபின் என்றால் என்ன?

சொகுசுக் கப்பலில் பெரும்பாலான அறைகள் இடது, வலது பக்கங்களைப் பார்த்தபடி இருக்கும். ஜன்னல் இல்லாத உள் அறைகளும் உண்டு. சில கப்பல்களில் மட்டும் கப்பல் போகும் திசையை நேராகப் பார்க்கும்படி ஒரு சில அறைகள் இருக்கும். கப்பலின் முன்முனையை நம் மீனவர்கள் 'அணியம்' என்பார்கள். அந்த அணியத்தைப் பார்த்தபடி, கப்பலை ஓட்டும் மாலுமிகள் நிற்கும் அறைக்குக் கீழேயோ மேலேயோ இவை அமைந்திருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரமே விற்றுவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 'முன்பகுதியில் உள்ள கேபின்' வேறு, 'முன்நோக்கிய கேபின்' வேறு. முதலாவது கப்பலின் முன்பகுதியில் இருந்தாலும் பக்கவாட்டுக் கடலைத்தான் காட்டும். அதாவது ஆட்டம் முழுசா கிடைக்கும், காட்சி கிடைக்காது.

முன்னால் ஏன் ஆட்டம் அதிகம்?

பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தால் அசைவே தெரியாது. நுனியில் உட்கார்ந்தால்தான் ஏறி இறங்கும். அலை எதிரே வரும்போது கப்பலும் இப்படித்தான் ஆடும். முன்முனை ஏறினால் பின்முனை இறங்கும். நடுப்பகுதி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 200 மீட்டர் நீளக் கப்பல் வெறும் 1 டிகிரி முன்பின்னாகச் சாய்கிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கும் முன்முனை சுமார் 1.75 மீட்டர் மேலே போகும், அதே அளவு கீழே வரும். மொத்தம் மூன்றரை மீட்டர். அதாவது, ஒரு மாடி உயரம். சில விநாடிகளுக்கு ஒருமுறை, ராத்திரி முழுக்க, கட்டிலோடு ஒரு மாடி ஏறி இறங்குவது போல. நடுவிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் அறையில் இதே ஆட்டம் 70 சென்டிமீட்டர்தான்.

'இப்போதான் கப்பல்ல ஆட்டத்தைக் குறைக்கிற கருவி இருக்கே?' என்று கேட்கலாம். இருக்கிறது. கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போல நீளும் அந்தக் கருவி, பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்பக்க கேபினின் பிரச்சினையே இந்த முன்பின் ஆட்டம்தான்.

மேல் தளத்துக்குப் போகப் போக பக்கவாட்டு அசைவும் கூடும். முன்நோக்கிய கேபின்கள் பெரும்பாலும் உயரமான தளங்களில்தான் இருக்கும். ஆக, இரண்டு ஆட்டமும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

அப்படியானால் எதற்கு இதை எடுக்கிறார்கள்?

காட்சிக்காக. அதில் சந்தேகமே இல்லை. கொச்சித் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், மறுபக்கம் வைப்பின். இரண்டுக்கும் நடுவே கால்வாய். பக்கவாட்டு அறையில் இருப்பவருக்கு ஏதாவது ஒரு கரைதான் கிடைக்கும். முன்னால் இருப்பவருக்கு இரண்டும் விரிந்து வழிவிடுவது தெரியும்.

சில கப்பல்களில் மூலை அமைப்பு காரணமாக இந்த அறைகள் கொஞ்சம் விசாலமாக இருக்கும். வராந்தாவின் கடைசி என்பதால் ஆள் நடமாட்டமும் குறைவு. சில நேரம் பக்கவாட்டு பால்கனி அறையைவிட விலையும் குறைவாக இருக்கும். ஆனால் விலை ஏன் குறைந்திருக்கிறது என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

யாரும் சொல்லாத நான்கு சங்கடங்கள்

முதலாவது, காற்று. கப்பல் 18 நாட் வேகத்தில் போனால் அது மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் முன்பக்க பால்கனியில் அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று 20 நாட் இருந்தால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 70 கிலோமீட்டர். அங்கே நாற்காலி போட்டு டீ குடிக்க முடியாது. பல நேரம் கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, திரை. இருட்டியதும் முன்பக்க அறைகளின் ஜன்னல் திரையை மூடி வைக்கச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. கப்பலைச் செலுத்துபவர்கள் இருட்டில் கண்ணால் கடலைக் கவனிக்க வேண்டும். கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், சூரியன் மறைந்து உதிக்கும் வரை கண்காணிப்புக்கு இடைஞ்சலான வெளிச்சத்தைக் காட்டக் கூடாது என்கின்றன. அறை விளக்கை அணைத்தால் திரையை விலக்கலாம். விளக்கு எரிந்தால் திரை மூடியிருக்க வேண்டும்.

மூன்றாவது, சத்தம். நங்கூரச் சங்கிலி முன்முனையில்தான் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்து விசிறிகளும் அங்கேதான். கப்பல்கள் பெரும்பாலும் விடியற்காலையில் துறைமுகம் சேர்வதால், உங்கள் அலாரத்துக்கு முன்பே இவை எழுப்பிவிடும். கீழ்த் தளம் என்றால் அலை மோதும் சத்தமும் சேரும். பல கப்பல்களில் அரங்கும் முன்பகுதியில்தான் இருக்கும்.

நான்காவது, ஜன்னல். முன்சுவர் காற்றையும் அலையையும் நேராக வாங்குவதால் அங்கே பெரிய கண்ணாடி வைப்பது குறைவு. ஜன்னல் சின்னதாகவோ திறக்க முடியாததாகவோ இருக்கலாம். பால்கனியில் கண்ணாடித் தடுப்புக்குப் பதில் இரும்புத் தடுப்பு இருக்கும். உட்கார்ந்தால் இரும்புதான் தெரியும், நின்றால்தான் கடல் தெரியும். உப்புத் தூவானம் படிந்து கண்ணாடி மங்குவதும் உண்டு.

எந்தக் கடல், எந்த மாதம்?

கேபினைப் போலவே மாதமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும். கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் கப்பல் பயணங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய மாதங்களில் நடப்பது இதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம்.

நமக்குப் பக்கத்தில் நடந்த உதாரணம் கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல். 1990-இல் கட்டப்பட்டது, நீளம் சுமார் 211 மீட்டர். 2021 செப்டம்பரில் கொச்சிக்கு வந்தது. 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. ஜூன் மாதத்தில் இலங்கையின் தெற்குக் கரை பருவக்காற்றின் அலையை நேராக வாங்கும். கிழக்கே திருகோணமலைப் பக்கம் தீவே மறைப்பாக நிற்கும். ஒரே பயணத்தில் இரண்டு விதமான கடல். இன்று உலகில் ஓடும் மிகப் பெரிய கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டும். நீளம் குறைந்த கப்பலில் அதே அலைக்கு முன்பின் ஆட்டம் பொதுவாக அதிகம் தெரியும்.

யார் எடுக்கலாம், யார் வேண்டாம்?

மலைப்பாதையில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாலும் ஒன்றும் ஆகாத ஆள் என்றால், கடல் அமைதியான மாதம் என்றால், காலையில் எழுந்ததும் எதிரே கடல் வேண்டும் என்றால், தாராளமாக எடுங்கள்.

வண்டி ஒத்துக்கொள்ளாதவர்கள், முதல் முறை கப்பல் ஏறுபவர்கள், முட்டிவலி உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள் கூட வந்தால் வேண்டாம். அவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், லிஃப்ட் பக்கத்தில் அறை போடுங்கள். சாப்பாட்டுக் கூடம் பின்கோடியில் இருந்தால் முன்கோடியிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் 150, 200 மீட்டர் நடக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பணம் கட்டும் முன்

* கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பல கப்பல்களில் சிறிய அறை எண்கள் முன்பக்கம் இருக்கும்.
* உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நல்லது.
* ஜன்னல் அளவு, திறக்குமா, தடுப்பு கண்ணாடியா இரும்பா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.
* 'அறையை நிறுவனமே ஒதுக்கும்' என்ற மலிவுக் கட்டணத்தில் முன்கோடி அறையும் வரலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதைத் தவிருங்கள்.
* முன்பக்கப் பொதுத் தளம் பயணிகளுக்குத் திறந்திருக்குமா என்று கேளுங்கள். திறந்திருந்தால் அதே காட்சி எல்லோருக்கும் இலவசம்.

ஏற்கனவே எடுத்துட்டீங்களா?

பரவாயில்லை. உள்காது அசைவை உணர்கிறது, கண் அசையாத சுவரைப் பார்க்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். அதனால் பகலில் அடிவானத்தைப் பாருங்கள். முன்பக்க ஜன்னல் இதற்கு நல்ல உதவி. ஆட்டம் கூடினால் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து உட்காருங்கள். வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிறைக்கவும் வேண்டாம். குமட்டல் மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு பலன் குறைவு, தூக்கமும் வரும்.

அம்மாவுக்கு நடுவில் ஒரு அறை போட்டுவிட்டு, கொச்சி நெருங்கும் காலையில் அவரை முன்பக்கத் தளத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். சீன வலைகளை அங்கிருந்து பார்க்கலாம். ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தால்தான் அதை அவரால் ரசிக்க முடியும்.