ஊடுதெரியும் இடைமுகம்

கணினித் திரையில் பட்டி, கருவிப்பெட்டி, அறிவிப்பு முதலியவற்றை, பின்னால் இருப்பது மறையாதபடி பாதி ஒளிபுகும் அடுக்காக வைக்கும் வடிவமைப்பு முறை. இடம் மிச்சமாவது சிறிய பயன். செய்யும் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கருவியைக் கையாளலாம் என்பதே பெரியது.

பெவர்லி ஹாரிசன், ஹிரோஷி இஷி, கிம் விசென்டே, வில்லியம் பக்ஸ்டன் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஒரே அடுக்கில் ஊன்றும் கவனம், இரண்டிலும் பகிரும் கவனம் என அவர்கள் பிரித்தனர். நிறப்பெயரை வேறு நிறத்தில் எழுதிக் குழப்பும் ஸ்ட்ரூப் சோதனையைக் கொண்டு அடுக்குகளின் குறுக்கீட்டை அளந்தனர். ஒளிபுகுமை கூடினால் பின்னணி தெளியும், முன்னிருக்கும் எழுத்து மங்கும். எழுத்துக்கு எதிர்நிற விளிம்பு கட்டுவது ஒரு தீர்வு. திரைப்பட வசன வரிகளில் பார்த்துப் பழகியதுதான்.

விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ, ஆப்பிளின் லிக்விட் கிளாஸ் (2025) ஆகிய திரைத் தோற்றங்கள் இரண்டிலும் கவனத்தைவிட அழகுக்கே முன்னுரிமை என்று சொல்லலாம். உச்சிவெயிலில் கைபேசித் திரை வெளிறும்போது இத்தகைய பொத்தான்களில் தமிழ் எழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமற்போகும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. ஐபோனில் ஒளிபுகுமையைக் குறைக்கும் அமைப்பும் உண்டு.