ஹிசேன் ஹப்ரே வழக்கு

மத்திய ஆப்பிரிக்க நாடான சாடின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரே மீது, அவருடைய சிறைகளிலிருந்து உயிர்தப்பியவர்களும் அங்கே இறந்தோரின் குடும்பத்தாரும் 2000-ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு. செனகல், பெல்ஜியம், சாட் ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள், ஐ.நா. குழு, ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் எனப் பல படிகள் ஏறி இறங்கி, 2017-இல் முடிந்தது. ஒரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் மனித உரிமைக் குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது இதுவே முதன்முறை.

பின்னணி

1982 ஜூன் 7 அன்று ஹப்ரேயின் படை தலைநகர் என்ஜமேனாவைக் கைப்பற்றியது. வடக்கே லிபியாவின் கடாபியைத் தடுத்து நிறுத்த அவர் உதவுவார் என்று அமெரிக்காவும் பிரான்சும் கணக்குப் போட்டதால், அவருக்கு ஆயுதத்துக்கும் பணத்துக்கும் குறை இருக்கவில்லை. 1987-இல் அதிபர் ரீகன் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அதே ஆண்டில்தான் சாடில் ஹஜராய் இனத்தவர் கூட்டங்கூட்டமாகக் கைதானார்கள். அதற்கு முன் 1984-இல் தெற்கு மாநிலங்களும், பின்னர் 1989-இல் ஸகாவா இனத்தவரும் இதே கொடுமைக்கு ஆளாயினர்.

இவற்றை நடத்தியது டி.டி.எஸ். என்ற உளவுக் காவல் அமைப்பு. 1983-இல் தொடங்கப்பட்ட இது அதிபருக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டது. தலைநகரில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டிய நீச்சல் குளம் ஒன்றின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, உள்ளே அறைகளாகத் தடுத்துச் சிறையாக்கினார்கள். கைகால்கள் நான்கையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து, இரத்த ஓட்டம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டும் 'அர்பாதாஷார்' அங்கு வழக்கமான சித்திரவதை. தப்பியவர்கள் பலர் ஊனத்தோடு வெளியே வந்தார்கள்.

1990 டிசம்பர் 1 அன்று, முன்னாள் படைத்தலைவர் இத்ரிஸ் டெபி ஆட்சியைக் கைப்பற்ற, ஹப்ரே செனகலின் தலைநகர் டக்காரில் தஞ்சம் புகுந்தார். புதிய அரசு அமைத்த விசாரணை ஆணையம், எட்டாண்டு ஆட்சியில் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 1992-இல் மதிப்பிட்டது. குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளிலேயே கிடந்தது. டி.டி.எஸ். அதிகாரிகள் பலர் புதிய ஆட்சியிலும் பதவிகளில் அமர்ந்தனர். தன்னை வதைத்தவனையே தெருவில் எதிர்கொள்ள வேண்டிய நிலை பாதிக்கப்பட்டோருக்கு.

சாட்சியம் திரட்டியவர்

சுலைமான் கெங்கெங் ஏரி சாட் படுகை ஆணையத்தில் கணக்கர். 1988-இல் கைதாகி, ஹப்ரே வீழும் வரை இரண்டரை ஆண்டுக் காலம் சிறையில் இருந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தவர், உயிரோடு வெளியே போனால் இதற்கு நீதி கேட்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டார். விடுதலையானதும் பாதிக்கப்பட்டோர் சங்கம் ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கி, தப்பியவர்களிடமும் கைம்பெண்களிடமும் கேட்டு 792 பேரின் வாக்குமூலங்களை எழுதிவைத்தார். அவற்றைக் கேட்க அந்நாளில் எந்த நீதிமன்றமும் இல்லை. மிரட்டல் வந்தபோது அவற்றை மறைத்துவைத்தார். இந்த வழக்கின் வரலாற்றில் எத்தனையோ நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் வருகிறார்கள். ஆனால் அடித்தளம் இந்தக் கணக்கர் சேர்த்த தாள்கள்தான் என்பதை மறுக்க முடியாது.

1998 அக்டோபரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே, ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் ஆணையின் பேரில் லண்டனில் கைது செய்யப்பட்டார். பதவியில் இருந்த காலத்துச் சித்திரவதைக்கு முன்னாள் அரசுத் தலைவர் என்ற கவசம் பொருந்தாது என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1999 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இதைக் கண்ட சாட் மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் உதவியை நாடினர். அதன் வழக்கறிஞர் ரீட் பிராடியும் சாட் வழக்கறிஞர் ஜாக்லின் முதெய்னாவும் வழக்கின் இறுதிவரை பாதிக்கப்பட்டோருடன் நின்றனர்.

நீதிமன்றம் மாறி நீதிமன்றம்

வழக்கின் சட்ட அடிப்படை 1984-இல் ஐ.நா. ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை. சித்திரவதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் மண்ணில் இருந்தால், உறுப்பு நாடு அவரை விசாரிக்க வேண்டும். இல்லையேல் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். குற்றம் எங்கே நடந்தது, குற்றவாளி எந்த நாட்டவர் என்ற கேள்விகள் இதற்குத் தடையாகா. செனகல் இதை 1986-இலேயே ஏற்றிருந்தது.

2000 ஜனவரியில் பாதிக்கப்பட்டோர் ஏழு பேர் டக்காரில் புகார் அளித்தனர். பிப்ரவரி 3 அன்று நீதிபதி தெம்பா கான்ஜி குற்றச்சாட்டைப் பதிவு செய்தார். அந்த ஆண்டே செனகலில் ஆட்சி மாறியது. கான்ஜி வழக்கிலிருந்து மாற்றப்பட்டார். ஹப்ரேயின் வழக்கறிஞர்களுள் ஒருவர் புதிய அதிபரின் ஆலோசகராகவும் இருந்தார். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க உள்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2001 மார்ச்சில் உச்சநிலை நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஒரு நாடு, அதற்கேற்ற சட்டத்தைத் தானே இயற்றாமல் விட்டுவிட்டு, சட்டம் இல்லையே என்று சொன்னதுதான் இந்தத் தீர்ப்பின் சாரம்.

முறையீடு செய்தவர்கள் இந்தத் தோல்வியையே அடுத்த வழக்கின் ஆதாரமாக்கினார்கள். செனகல் உடன்படிக்கையை மீறியது என்று ஐ.நா. சித்திரவதை எதிர்ப்புக் குழுவிடம் சென்றார்கள். 2006-இல் குழு அதை ஏற்றது. பெல்ஜியக் குடியுரிமை பெற்றிருந்த சாட் நாட்டவர் சிலர் பிரஸ்ஸல்ஸில் புகார் கொடுத்தனர். நீதிபதி டேனியல் பிரான்சன் 2002-இல் சாட் சென்று விசாரித்தார். 2005 செப்டம்பரில் குற்றம் சாட்டி, ஹப்ரேயை ஒப்படைக்குமாறு பெல்ஜியம் கேட்டது. செனகல் பந்தை ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் தட்டிவிட, ஒன்றியமோ 'ஆப்பிரிக்காவின் சார்பில் நீங்களே விசாரியுங்கள்' என்று 2006-இல் திருப்பி அனுப்பியது. அதன்பின் செனகல் சட்டத்தைத் திருத்தியது. விசாரணைக்குப் பணமில்லை என்று மேலும் சில ஆண்டுகளைக் கடத்தியது.

இதற்கிடையே 2001 மே மாதத்தில், என்ஜமேனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டி.டி.எஸ். கட்டடத்தில் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் தரையில் சிதறிக் கிடப்பதைப் பிராடியின் குழு கண்டது. கைதிகளின் பட்டியல், விசாரணைக் குறிப்பு, இறப்புச் சான்று என எல்லாம் இருந்தன. சிறையில் இறந்த 1,208 பேரின் பெயர்களும், கொடுமைக்குள்ளான 12,321 பேரைப் பற்றிய தகவல்களும் அவற்றில் கிடைத்தன. 898 கைதிகளின் நிலை குறித்து ஹப்ரேக்கே நேரடியாக 1,265 செய்திகள் போயிருந்தன. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வழி அதோடு அடைபட்டது. அடுத்த மாதம், பிரெஞ்சுத் தூதரகத்தின் முன் நடந்த அமைதிப் போராட்டத்தில் வீசப்பட்ட கையெறி குண்டால் முதெய்னாவின் காலில் பலத்த காயம். கெங்கெங் வேலையை இழந்து, பின்னர் அமெரிக்காவில் தஞ்சமடைந்தார்.

2009-இல் பெல்ஜியம் பன்னாட்டு நீதிமன்றத்தில் செனகல் மீது வழக்குத் தொடுத்தது. 2012 ஜூலை 20 தீர்ப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. சித்திரவதைத் தடை எந்த நாடும் விலக முடியாத கட்டாய விதி என்பது ஒன்று. உடன்படிக்கை நிறைவேறுவதில் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது அக்கறை உண்டு, ஆகவே நேரடியாகப் பாதிக்கப்படாத நாடும் வழக்காடலாம் என்பது மற்றொன்று. ஒப்படைக்காவிட்டால் மேலும் தாமதிக்காமல் விசாரிக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாக ஆணையிட்டனர். ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1987 ஜூனுக்கு முந்தைய செயல்களை விசாரிக்கும் கட்டாயம் அதன்கீழ் இல்லை என்றும் வரையறுத்தனர்.

விசாரணையும் தீர்ப்பும்

2010-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நீதிமன்றம், இவ்வழக்கைப் பன்னாட்டுத் தன்மையுள்ள தனி நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று கூறியிருந்தது. 2012-இல் செனகலின் அதிபரான மாக்கி சால் தயங்கவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்துடன் ஒப்பந்தமாகி, செனகலின் நீதித்துறைக்குள்ளேயே 'ஆப்பிரிக்கச் சிறப்பு நீதிமன்றம்' 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஜூன் 30 அன்று ஹப்ரே கைதானார்.

2015 ஜூலை 20 அன்று விசாரணை தொடங்கியது. நீதிமன்றத்தை ஏற்க மறுத்துக் கூச்சலிட்ட ஹப்ரேயைக் காவலர்கள் தூக்கிவந்து உட்காரவைக்க நேர்ந்தது. புர்கினா பாசோவைச் சேர்ந்த நீதிபதி கபர்தாவோ குஸ்தாவ் காம் தலைமையில் 93 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். கால் நூற்றாண்டு வாய் திறக்காதிருந்த பெண்கள், பாலைவன முகாமில் படையினருக்குப் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டதைச் சொன்னார்கள். 2016 மே 30 அன்று மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை ஆகியவற்றுக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 27 அன்று மேல்முறையீட்டு அமர்வு தண்டனையை உறுதி செய்தது. ஹப்ரே தாமே செய்ததாகக் கூறப்பட்ட வன்புணர்வு, தொடக்கக் குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் அதிலிருந்து மட்டும் விடுவித்தது. சாட்சி சொன்ன பெண்ணை நம்ப மறுத்ததாக இதற்குப் பொருளில்லை.

இழப்பீடு

மேல்முறையீட்டு அமர்வு 7,396 பேருக்கு மொத்தம் சுமார் 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க் வழங்க ஆணையிட்டது. அதற்கான நிதியத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் அமைக்க வேண்டியிருந்தது. இதற்கு முன்பே, 2015 மார்ச்சில் என்ஜமேனா நீதிமன்றம் டி.டி.எஸ். ஆட்கள் 20 பேரைத் தண்டித்து, தனியே 7,500 கோடி பிராங்க் இழப்பீட்டுக்கும் ஒரு நினைவுச் சின்னத்துக்கும் ஆணையிட்டிருந்தது. அரசும் குற்றவாளிகளும் தொகையைப் பாதிப்பாதியாகத் தர வேண்டும். இந்த ஆணைகள் ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் கிடந்தன. வழக்கின் மிகப் பெரிய குறை இதுவே. தண்டனையைப் பெற்றுத்தந்த அதே மக்களில் பலர் ஒரு பிராங்கும் பார்க்காமல் முதுமையிலும் நோயிலும் இறந்தனர். ஹப்ரே 2021 ஆகஸ்ட் 24 அன்று டக்காரில் கொரோனா தொற்றால் இறந்தார். சாட் அரசு 2024-இல் தொகையின் ஒரு சிறு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்குக் கொடுக்கத் தொடங்கியது.